கேஷ் டாலி ஆனதும் படிக்கலாம்!

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால் மாம்பலம் வர முக்கால் மணி நேரம். மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பெண் முதலில் செய்வது, கைப்பையிலிருந்து ஒல்லியான ஒரு ஸ்பைரல் நோட்டை எடுப்பதுதான். நோட்டு என்றுதான் நானும் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு தடிமனான பாடப்புத்தகத்தின் துண்டு.

"முழு புக்கு செங்கல் மாதிரி இருந்துச்சுக்கா. டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், குடைன்னு பையில ஏற்கெனவே எடம் இல்ல. ஜெராக்ஸ் கடையில குடுத்து முதுகை வெட்டி ஆறு துண்டாப் போடச் சொல்லிட்டேன். புக்கைக் கிழிக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தாரு. கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் குடுத்தேன்" என்று சிரித்தார்.

வயது 31. படித்தது பி.இ. எலக்ட்ரானிக்ஸ். பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க். இப்போது 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள், வேலை அதே வேலைதான். மூன்று வயதில் ஒரு பையன். எழுதப் போவது வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு. அன்று கையில் இருந்தது கணக்கியல் தாளின் இரண்டாவது துண்டு, தேய்மானம் பற்றிய அத்தியாயம். 2 லட்ச ரூபாய்க்கு வாங்கிய மெஷின், ஆயுள் 10 வருடம், கடைசியில் 20,000 ரூபாய்க்குப் போகும். வருடத்துக்கு எவ்வளவு தேய்மானம்? குரோம்பேட்டை வருவதற்குள் 18,000 என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினார். அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எழுதிய விடையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, அதே கணக்கை மனசுக்குள் மறுபடி போட்டார். பல்லாவரத்தில் கூட்டம் நெருக்கியது. புத்தகம் பைக்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வு எழுதுகிறவர்களுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் கிளம்பினேன். பத்திரிகைக்கு வருவதற்கு முன் ஏழு வருடம் நானும் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவள். இதே தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாம் முறை தேறியவள். அதனால் பதிலும் எனக்கே தெரியும் என்ற நினைப்பு. ஒரு மாதம் பலரோடு பேசிய பிறகு கேள்வியே தப்பு என்று படுகிறது. நேரம் கிடைக்க அது என்ன தெருவில் கிடக்கிற காசா? யாரிடமிருந்தோ எடுத்துக்கொள்கிறோம். யாரிடமிருந்து என்பதைத்தான் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நான்கு செங்கல்

வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வங்கி ஊழியர்களுக்குத் தேர்வு நடத்துவதற்கென்றே 1928-இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று மும்பையில் இருக்கிறது. இன்றைய பெயர் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ். அது நடத்தும் முதல் படி ஜே.ஏ.ஐ.ஐ.பி.; அடுத்த படி சி.ஏ.ஐ.ஐ.பி. வேலையில் சேர இவை தேவையில்லை. சேர்ந்த பிறகு எழுதினால் சம்பளத்தில் இன்கிரிமென்ட் ஏறும், பதவி உயர்வுக்கும் கைகொடுக்கும். ஓய்வு பெறும் வரை மாதாமாதம் வரப்போகிற பணம் என்பதால், அலுத்துக்கொண்டாவது எல்லோரும் ஒரு முறை விண்ணப்பம் போட்டுவிடுவார்கள்.

2023-இல் பாடத்திட்டம் மாறியது. மூன்று தாள் நான்காயிற்று: இந்தியப் பொருளாதாரமும் நிதி அமைப்பும், வங்கியியல் கோட்பாடும் நடைமுறையும், கணக்கியலும் நிதி மேலாண்மையும், சில்லறை வங்கியியலும் செல்வ மேலாண்மையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல். தாளுக்கு 100 கேள்வி, 2 மணி நேரம். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைதான், மைனஸ் மார்க்கும் கிடையாது. 50 எடுத்தால் பாஸ். ஒரே முறையில் எல்லாத் தாளையும் எழுதி, ஒவ்வொன்றிலும் 45-க்குக் குறையாமல், மொத்தத்தில் 50 சதவீதம் வாங்கினாலும் பாஸ்தான்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? மூன்று வருடத்துக்குள் ஐந்து வாய்ப்பு. அதற்குள் முடிக்காவிட்டால் தேறிய தாள்களும் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து காலக்கெடு ஓட ஆரம்பித்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தேர்வுக்குப் போகாமல் இருந்தாலும் அந்த முறை கழிந்ததுதான். வினாத்தாள் ஆங்கிலம் அல்லது இந்தி. கவுண்டரில் நாளெல்லாம் தமிழில் பேசி, பாட்டிக்குச் செலான் எழுதிக் கொடுக்கிறவர், அந்த வேலையைப் பற்றிய தேர்வைத் தமிழில் எழுத முடியாது. இதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஐநூறு ரூபாய் உதைத்தால் ராத்திரி எட்டு மணி

எங்கள் கிளையில் எல்லோர் வாயிலும் இருந்த வாசகம் இந்தக் கட்டுரையின் தலைப்பு. "கேஷ் டாலி ஆனதும் படிக்கலாம்." கவுண்டர் மூடியதும் கையிருப்பை எண்ணி, கம்ப்யூட்டர் காட்டும் தொகையோடு ஒப்பிட வேண்டும். சரியாக இருந்தால் டாலி. அதற்குப் பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து படிக்கலாம் என்பது திட்டம். மேஜை டிராயரில் புத்தகம் தயாராக இருக்கும்.

ஒரு நாள் 500 ரூபாய் உதைத்தது. எண்ணினேன். மெஷினில் போட்டேன். திரும்ப எண்ணினேன். அன்றைய வவுச்சரை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டி, யாருக்காவது கூடுதலாகக் கொடுத்துவிட்டேனா என்று பார்த்தேன். குறைந்தால் கேஷியர் கைக்காசைப் போட வேண்டும் என்பது வங்கியில் எழுதாத சட்டம். கடைசியில் ஒரு கட்டின் பட்டைக்குள், பழைய 500 ரூபாய் நோட்டு ஒன்று இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு இருந்ததைக் கண்டுபிடித்தபோது மணி 8.10. அன்று புத்தகம் டிராயரிலேயே தூங்கியது. மறுநாளும். இப்படித்தான் முதல் வாய்ப்பு போனது.

கவுண்டரில் வேலை பார்க்கிறவருக்கு மாலைப் படிப்பு என்பது பகல் கனவு. இது என் தீர்ப்பு. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாள் முழுக்க நோட்டையும் ஆட்களையும் பார்த்த கண், ஏழு மணிக்கு மேல் எழுத்தைப் பார்க்கும், படிக்காது. அப்படியானால் காலை. நாலரைக்கு எழுந்தால் ஆறரை வரை இரண்டு மணி நேரம். கைபேசி அடிக்காது, பால்காரர் கூட வரமாட்டார். சரி, அந்த நேரம் யாருடையது?

அலுவலகம் போய்க்கொண்டே படித்தவர்கள் என்றதும் நம் ஊரில் சர் சி.வி. ராமனைச் சொல்வார்கள். உண்மையிலேயே பெரிய கதை அது. 1907-இல் நிதித்துறைத் தேர்வில் தேறி, 18 வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். பௌபஜார் தெருவில் 1876 முதல் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அதிகாலையில் போவார். வந்து குளித்துச் சாப்பிட்டு ஆபீஸ். மாலையில் ஆபீஸிலிருந்து நேராகத் திரும்ப ஆய்வுக்கூடம். வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். 1917-இல் பல்கலைக்கழகப் பேராசிரியராகும் வரை பெரும்பாலும் இதுதான் நடைமுறை. பள்ளிக்கூட மேடைகளில் இதைக் கேட்கும்போதெல்லாம் நாமும் உழைக்க வேண்டும் என்று தோன்றும். கல்யாணம் ஆன பிறகு எனக்கு வேறொன்று தோன்ற ஆரம்பித்தது. அந்தக் காலைச் சாப்பாட்டை நேரத்துக்கு எடுத்து வைத்தது யார்? அதே 1907-இல்தான் லோகசுந்தரி அம்மாள் அவரைக் கைப்பிடித்து, கல்கத்தாவில் வந்து குடித்தனம் தொடங்கினார்.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நிலைமை மாறியிருக்கும் என்பீர்கள். 2024-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்கிறது. வித்தியாசம் 201 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரே கிளையில், ஒரே சம்பளத்தில், ஒரே தேர்வுக்குப் படிக்கிற ஆணும் பெண்ணும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. 'மனசு வைத்தால் நேரம் வரும்' என்று மேடையில் பேசுகிற அண்ணன்மார்களின் வீட்டில் குக்கரை யார் வைக்கிறார்கள் என்று ஒரு முறையாவது கேட்டுப் பார்க்கலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் முறை நான் தேறியதற்குக் காரணம் புதுப் புத்தகமோ டெலிகிராம் குரூப்போ இல்லை. என் மாமியார். அந்த ஐந்து மாதமும் காலை அடுக்களையை அவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் எழுந்து வந்தால் இட்லிப்பானை அடுப்பில் இருந்தது. முட்டிவலியோடு ஐந்து மணிக்கு எழுந்தவர் அவர். ரிசல்ட் வந்தபோது ஆபீஸுக்கு ஸ்வீட் வாங்கிப் போனேன். வீட்டுக்கு வாங்கியதாக நினைவில்லை.

காலண்டரில் மூன்று கலர்

கூடுவாஞ்சேரிப் பெண் என்னைவிடக் கெட்டிக்காரர். அவர் எதையும் சும்மா எடுத்துக்கொள்வதில்லை, கேட்டு வாங்குகிறார். வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன் என்றார். போனேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டர் ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஸ்கெட்ச் பேனாவில் கட்டங்கள்.

கணவருக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். பச்சை வாரம் பி ஷிப்ட்: அவர் ராத்திரி வந்து படுப்பார், ஆனாலும் காலை ஐந்தரை முதல் ஏழு வரை பையன் அவர் பொறுப்பு. நீலம் ஏ ஷிப்ட்: விடிகாலையிலேயே கிளம்பிவிடுவார். அந்த வாரம் அத்தை வந்து தங்குவார், அத்தை என்றால் இந்தப் பெண்ணின் மாமியார். சிவப்பு சி ஷிப்ட்: அவர் வீடு திரும்பும்போது இவர் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பார். அந்த வாரம் வீட்டில் படிப்பே கிடையாது, ரயில் மட்டும்தான்.

"சிவப்பு வாரத்துல வீட்ல புக்கையே தொடமாட்டேன். முன்னெல்லாம் அந்த வாரம் பூரா படிக்கலையேன்னு குற்ற உணர்ச்சியிலயே போயிடும். இப்ப லீவுன்னு வெச்சுக்கிட்டேன்" என்றார்.

கணவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சுங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்து நாலு மணி நேரத்துல எந்திரிக்கணும். எனக்கு என்ன லாபம்னு கேட்டேன். இன்கிரிமென்ட் வந்தா உன் வண்டி டியூவை நான் கட்டுறேன்னா. ஒத்துக்கிட்டேன்" என்றார் சிரிக்காமல். பேரம் என்றால் பேரம்தான். ஆனால் என் மாமியாருக்கு நான் வைத்த கடனைவிட இது நேர்மையானது.

ரயில் நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 45 நிமிடம். மாலையில் நிற்கவே இடம் இருக்காது என்பதால் அதை விட்டுவிடலாம். வாரத்துக்கு ஐந்து நாள் என்று குறைத்து வைத்தாலும் 225 நிமிடம். பதினாறு வாரத்தில் 60 மணி நேரம். ஒரு தாளை ஓரளவு பார்த்துவிட இது தாராளம். அதுவும் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காத 60 மணி நேரம். அவருடைய ஜன்னல் காற்றைத் தவிர.

கட்டைவிரல் வித்தை

முக்கால் மணி நேரத்தில் என்ன ஏறும் என்று கேட்பவர்களுக்காக, விடையை மூடிக்கொண்ட அந்தக் கட்டைவிரலுக்குத் திரும்புகிறேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் புத்தகம் போட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போகிறது, பிறகுதான் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு வரை தொடாமல் இருப்பவர், ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டைக் குடத்தில்தான் தண்ணீர் பிடிக்கிறார்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் நின்றது. படிக்கும்போது 'தெரிந்துவிட்டது' என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வேலை பார்க்கிறவருக்கு இது வரம். பார்க்காமல் நினைவுபடுத்த மேஜை வேண்டாம், விளக்கு வேண்டாம். பல்லாவரத்துக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

தூக்கத்தை வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வெட்டிப் பார்த்தவள். நாலு மணி நேரத் தூக்கத்தோடு கவுண்டரில் உட்கார்ந்து, 2,000 ரூபாய் எடுக்க வந்தவருக்கு 20,000 எண்ணிக் கொடுத்தேன். நல்ல மனிதர், வாசலிலிருந்து திரும்பி வந்து கொடுத்தார். அவர் திரும்பாமல் போயிருந்தால் இன்கிரிமென்டில் பல மாதம் போயிருக்கும். படித்தது மனசில் படிவதே தூக்கத்தில்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அந்த 20,000 ரூபாயே போதுமான ஆய்வு.

வைகாசி முகூர்த்தம்

தேர்வுத் தேதி குறிப்பவர்களுக்குத் தமிழ்நாட்டுக் காலண்டர் தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் இந்தத் தேர்வு பெரும்பாலும் மே, ஜூனில் ஒரு முறையும், அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் ஒரு முறையும் வரும். மே மாதத் தேர்வுக்கு உருப்படியாகப் படிக்க வேண்டியது பிப்ரவரியிலும் மார்ச்சிலும். வங்கியில் மார்ச் என்றால் ஆண்டுக் கணக்கு முடிப்பு; வாராக்கடன் வசூல், டார்கெட் என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன். 31-ஆம் தேதி ராத்திரி வீட்டுக்குப் போவதே பெரிய விஷயம். ஏப்ரலில் மூச்சு விட்டு நிமிர்ந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவு. மே வந்தால் அக்னி நட்சத்திரம், மின்வெட்டு, வைகாசி முகூர்த்தம். இரண்டாவது முறைக்கு நவராத்திரியும் தீபாவளியும் குறுக்கே படுத்திருக்கும்.

2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. வீட்டில் படிக்க முடியாதவர்கள் நூலகத்துக்காவது போகலாமே என்று தோன்றும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையோடு இரண்டாம் சனியும் விடுமுறை என்ற பூட்டை நான் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, நம் புத்தகத்தையே கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியோடு. மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மன்னார்குடியில், பழநியில் வேலை பார்க்கிறவர் எங்கே போவார்? மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சி.ஏ.ஐ.ஐ.பி. முடித்த ஒருவரை எனக்குத் தெரியும். பிரசாதமும் கிடைக்கும் என்பார்.

வங்கியை மட்டும் சொல்கிறேனே தவிர, இந்தப் பாடு எல்லோருக்கும் பொது. அரசு அலுவலகத்து இளநிலை உதவியாளர்கள் டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரு முறை நடத்தும் துறைத் தேர்வுகளை எழுதினால்தான் மேலே போக முடியும். சில தாள்களுக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம். 'புத்தகம்தான் இருக்கே' என்று படிக்காமல் போய், எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று புரட்டிப் புரட்டியே நேரத்தைத் தொலைத்தவர்கள் ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும் இருப்பார்கள். ஜெர்மனி போவதற்காக பி2 நிலை வரை ஜெர்மன் மொழி படிக்கும் நர்ஸ்கள், நைட் டூட்டியில் நோயாளிகள் கண் அசந்த நேரத்தில் பெயர்ச்சொல்லுக்கு 'டேர்', 'டி', 'தாஸ்' எது என்று முணுமுணுக்கிறார்கள். சி.ஏ. படிக்கும் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். காலையில் கோச்சிங், பகலெல்லாம் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப், ராத்திரி படிப்பு.

"நீ போம்மா, நான் அடுக்கிடுறேன்"

வீட்டுக்கு அடுத்தபடியாக நேரம் தருவது பக்கத்து நாற்காலி. எங்கள் கிளையில் ஒரு சீனியர் இருந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. நான் மூன்றாம் முறை படித்த மாதங்களில், ஐந்தரை ஆனதும் என் மேஜைக்கு வந்து நிற்பார். "நீ போம்மா. வவுச்சரை நான் அடுக்கிடுறேன்." வவுச்சர் அடுக்குவது சின்ன வேலை இல்லை. வரிசை எண் பார்த்து, விட்டுப்போனதைத் தேடி, நூலில் கட்டி, மேலே அட்டை எழுதி வைக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் பிடிக்கும். அவருடைய அரை மணி.

"நீங்க ஏன் சார் எழுதல?" என்று ஒரு நாள் கேட்டேன். "எழுதணும்னுதான் இருந்தேன். பெரியவ கல்யாணம், அப்புறம் சின்னவ கல்யாணம். அதுக்குள்ள கண்ணாடி போட்டாச்சு" என்றார். கிளார்க்காகவே ஓய்வு பெற்றார். அந்த வருடம் எங்கள் கிளையில் தேறியவர்கள் மூன்று பேர். மூன்று பேருடைய வவுச்சரிலும் அவர் கை பட்டிருக்கும்.

இதை ஒரு நல்ல மனிதரின் கருணைக்கு விட்டுவைக்கக் கூடாது. கிளை மேலாளர் நினைத்தால் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஏற்பாடு இது. தேர்வு எழுதுகிற இரண்டு பேரை ஒன்றுவிட்ட வாரம் கேஷில் போட்டு, கேஷில் இல்லாத வாரம் ஐந்தரைக்கு அனுப்பிவிட்டால் போதும். அப்படிச் செய்த மேலாளர் ஒருவரைத் திருச்சிப் பக்கம் சந்தித்தேன். "லீவு கேட்டா குடுக்க முடியாது மேடம், ஆள் இல்ல. ஆனா நேரத்துக்கு அனுப்பலாம். லீவைவிட அதுதான் பெரிசு" என்றார். அவர் சொல்வது சரி. கடைசி வாரத்தில் மொத்தமாக லீவு போட்டு முட்டுவதைவிட, நான்கு மாதம் தினமும் அரை மணி நேரம் முன்னதாக வீடு திரும்புவது மேல். தேர்வில் தேறிய ஊழியரால் நன்மை வங்கிக்கும்தான்; அதற்கான நேரத்தை மட்டும் ஊழியரின் மனைவியோ மாமியாரோ தர வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

43

போன மே மாதம் கூடுவாஞ்சேரிப் பெண் நான்கு தாளும் எழுதினார். புறநகர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேப். செருப்பைக் கழற்றி, பையை வெளியே வைத்து, வாட்ச்சையும் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே புங்க மரத்தடியில் கணவரும் பையனும். பக்கத்து மரத்தடியில் இன்னொரு கணவர், இன்னொரு பிள்ளை. இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டதில் பாதி, டயபர் எங்கே மலிவு என்பது பற்றி.

இரண்டு தாள் போயிற்று. கணக்கியலில் 43. பொருளாதாரத்திலும் சில மார்க்கில் தவறிவிட்டது. கணக்கியல் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் செங்கல்பட்டில் சித்தப்பா மகன் கல்யாண வரவேற்பு. தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். போட்டோவுக்கு வரிசையில் நின்று, பந்தியில் உட்கார்ந்து, 'இரு, தாம்பூலம் வாங்கிட்டுப் போ' என்பதற்கெல்லாம் தலையாட்டி, வீடு வந்து சேர ராத்திரி பன்னிரண்டரை. "இன்னும் ரெண்டு மார்க் வந்திருந்தா மொத்தக் கணக்குல தப்பிச்சிருப்பேனோ என்னவோக்கா" என்றார். மொத்தத்தில் 50 சதவீதம் வராது என்று பிறகு இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். அவருக்கு அதில் ஒரு சின்ன நிம்மதி.

பாக்கித் தாள்களை நவம்பரில் எழுதுகிறார். அதே நேரத்துக்கு இன்னொரு பத்திரிகை வந்திருக்கிறது. மாமா பெண் கல்யாணம், முகூர்த்தம் தேர்வுக்கு முந்தின நாள். இந்த முறை அவர் போகவில்லை. கணவரும் அத்தையும் போய் மொய் எழுதிவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: மேடையில் வைத்து அந்தக் கணவரிடம் 'அவ ஏன் வரலை?' என்று கேட்காதீர்கள்.